பேட்டன் தவறுவது துரதிர்ஷ்டம் அல்ல

பெரிய தடகளப் போட்டிகளில் ஆண்கள் 4×100 மீட்டர் தொடர் ஓட்டம் (நாலு பேர் ஆளுக்கு நூறு மீட்டராக, பேட்டன் என்ற குச்சியைக் கைமாற்றி ஓடுவது) முடிந்ததும் பெரும்பாலும் ஒரே பேச்சுதான் காதில் விழுகிறது: "பாவம் அமெரிக்கா, இந்த முறையும் அதிர்ஷ்டம் இல்லை." எனக்கு இந்தப் பேச்சில் துளியும் உடன்பாடு இல்லை. அதிர்ஷ்டம் என்று சொல்லும்போது, அன்று ஜெயித்த நாலு பேரின் உழைப்பையும் சேர்த்தே தள்ளிவிடுகிறோம்.

கணக்கைப் பாருங்கள். 2000-இல் சிட்னியில் தங்கம் வாங்கியதோடு சரி. அதற்குப் பிறகு ஆறு ஒலிம்பிக் போய்விட்டது, அமெரிக்க ஆண்கள் அணிக்கு இந்தப் பந்தயத்தில் தங்கமே இல்லை. 2004 ஏதென்ஸில் கைமாற்றத்தில் தடுமாறி, பிரிட்டனிடம் 0.01 விநாடியில் தோற்றார்கள். 2008 பெய்ஜிங்கில் தகுதிச் சுற்றிலேயே பேட்டன் கீழே விழுந்தது. 2012 லண்டனில் வாங்கிய வெள்ளி, அணியில் ஓடிய டைசன் கேயின் ஊக்கமருந்து விவகாரத்தில் பறிபோனது. 2016 ரியோவில் மூன்றாவதாக வந்து, கொடியைப் போர்த்திக்கொண்டு நின்ற நேரத்தில் தகுதி நீக்கம் என்று அறிவிப்பு வந்தது. டோக்கியோ ஒலிம்பிக்கில் தகுதிச் சுற்றில் ஆறாவது இடம். அமெரிக்காவின் பழைய ஒலிம்பிக் சாம்பியன் கார்ல் லூயிஸே பொறுக்க முடியாமல் பகிரங்கமாகக் கடிந்துகொண்டார். அடுத்து பாரிஸ். கால் நூற்றாண்டாக ஒரே இடத்தில் இடறுகிறவர்களுக்கு அதிர்ஷ்டத்தைக் காரணம் சொல்லலாமா?

பாரிஸைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 2024 ஆகஸ்ட் 8 தகுதிச் சுற்றில் அமெரிக்கா 37.47 விநாடி ஓடியது. மறுநாள் இறுதிப் போட்டியில் கனடா தங்கம் வென்ற நேரம் 37.50. அதாவது முதல் நாள் ஓடியதை அப்படியே திரும்ப ஓடியிருந்தாலே தங்கம். ஆனால் இறுதிக்கு ஆட்களையும் வரிசையையும் மாற்றினார்கள். 100 மீட்டரில் தங்கம் வென்ற நோவா லைல்ஸுக்குக் கோவிட், அவர் இல்லை. தகுதிச் சுற்றில் இரண்டாவதாக ஓடிய ஃப்ரெட் கெர்லி கடைசிக்குப் போனார். இரண்டாவது இடத்துக்குக் கென்னி பெட்னரெக் வந்தார், 200 மீட்டரில் வெள்ளி வென்ற அதே பெட்னரெக். முதலில் ஓடிய கிறிஸ்டியன் கோல்மேன் வளைவில் பிரமாதமாக வந்தார். பெட்னரெக் ஒரு கணம் முந்திக் கிளம்பிவிட்டார். கோல்மேனால் எட்ட முடியவில்லை. பெட்னரெக் ஏறக்குறைய நின்று, பின்னால் கை நீட்டி வாங்குவதற்குள் கைமாற்ற வேண்டிய பகுதியின் எல்லை தாண்டியாகிவிட்டது. மறுபடியும் தகுதி நீக்கம்.

அந்த "ஒரு கணம்" என்ன என்று தெரிந்தால்தான் இந்தப் பந்தயத்தின் ருசி புரியும். வாங்கப் போகிறவர் தன் பாதையில் சில மீட்டர் பின்னால், அடி அடியாக அளந்து, ஒரு நாடாத் துண்டை ஒட்டி வைத்திருப்பார். கொண்டுவருகிறவரின் கால் அந்த நாடாவைத் தொடும் நொடியில் இவர் கிளம்ப வேண்டும். கிளம்பிய பிறகு திரும்பிப் பார்க்கக் கூடாது. குரல் கேட்டதும் கையைப் பின்னால் நீட்ட வேண்டும், அவ்வளவுதான். கொண்டுவருகிறவர் விநாடிக்குப் பத்து மீட்டருக்கும் மேலான வேகத்தில் வருகிறார். எனவே பத்தில் ஒரு விநாடி முந்திக் கிளம்பினால், இருவருக்கும் இடையே ஒரு மீட்டர் இடைவெளி விழும். கைக்கு எட்டாமல் போக அது போதும். பத்தில் ஒரு விநாடி தாமதமாகக் கிளம்பினால் வருகிறவர் மேலேயே வந்து மோதுவார். அந்த நாடாவை எங்கே ஒட்டுவது என்பது அந்த இரண்டு பேரின் வேகத்துக்கு மட்டுமே பொருந்தும் அளவு. ஆளை மாற்றினால் அளவும் மாறும். ஓடிப் பார்த்து, தவறி, திருத்தித்தான் அது கைக்கு வரும். முந்தின நாள் ராத்திரி பெயர்ப்பட்டியலைத் திருத்தி எழுதினால் வராது.

விதியைத் தளர்த்தினால் சரியாகிவிடும் என்றும் சிலர் சொல்வதுண்டு. தளர்த்தியாகிவிட்டது. முன்பு கைமாற்றும் பகுதி 20 மீட்டர். அதற்கு முன்னால் வேகம் பிடிக்க மட்டும் தனியாக 10 மீட்டர். இப்போது முழு 30 மீட்டரும் கைமாற்றும் பகுதிதான். ரியோவில் ஜஸ்டின் காட்லின் பேட்டனைச் சீக்கிரமே தொட்டுவிட்டார் என்று நீக்கினார்களே, இன்றைய விதியில் அது தவறாகவே இருந்திருக்காது. இத்தனை இடம் கொடுத்தும் பாரிஸில் போதவில்லை.

அதே ரியோவில் ஜப்பான் என்ன செய்தது? யமகட்டா, ஈசுகா, கிரியு, கேம்பிரிட்ஜ். இந்த நால்வரில் ஒருவர்கூட அதுவரை 100 மீட்டரை அதிகாரபூர்வமாகப் பத்து விநாடிக்குள் ஓடியதில்லை. எதிரே உசேன் போல்ட் இருந்த ஜமைக்கா, பத்து விநாடிக்குள் ஓடும் ஆட்களைக் கொண்ட அமெரிக்கா. ஜப்பான் 37.60-இல் வெள்ளி வாங்கியது! கடைசி நூறில் கேம்பிரிட்ஜ், போல்ட்டுக்குப் பக்கத்தில் பேட்டனோடு நின்ற காட்சியை அன்று யார் எதிர்பார்த்தார்கள்?

அவர்களுடையது கீழிருந்து மேலாகக் கொடுக்கும் முறை. வாங்குகிறவர் கையை உயரத் தூக்கி நீட்ட வேண்டியதில்லை. ஓடும் வாக்கிலேயே உள்ளங்கையைக் கீழ்நோக்கி விரித்தால் போதும், ஓட்டம் குலையாது. இதில் இழப்பும் உண்டு. மற்ற அணிகள் இருவரும் கையை முழுக்க நீட்டி மாற்றுவதால் கொஞ்சம் தூரத்தை ஓடாமலேயே சம்பாதிக்கின்றன. ஜப்பானியர் நெருங்கி வந்துதான் கொடுக்க வேண்டும். அந்தக் கணக்கைத் தெரிந்தே இதைத் தேர்ந்தெடுத்து, வருடக்கணக்கில் பழகினார்கள். அவர்களுக்கும் சறுக்கியதுண்டு. டோக்கியோ ஒலிம்பிக் இறுதியில், சொந்த மண்ணில், முதல் கைமாற்றத்திலேயே பேட்டன் யமகட்டாவின் கைக்குப் போய்ச் சேரவில்லை. அதைப் பார்க்க எனக்கே மனசு தாங்கவில்லை. ஆனால் அதைக்கூடத் துரதிர்ஷ்டம் என்று சொல்ல மாட்டேன்.

கனடாவுக்கு வருகிறேன். ஆரன் பிரவுன், ஜெரோம் பிளேக், பிரெண்டன் ராட்னி, ஆந்த்ரே டி கிராஸ். 2021 டோக்கியோவில் இவர்கள்தான், இதே வரிசையில்தான். 2022-இல் யூஜின் உலக சாம்பியன்ஷிப்பில் அமெரிக்காவை அதன் சொந்த ஊரிலேயே 37.48-இல் வீழ்த்தியதும் இவர்களே. பாரிஸில் ஒன்பதாவது பாதையில் ஓடித் தங்கம் வாங்கியதும் இவர்களே. பாரிஸ் 100 மீட்டர் இறுதிப் போட்டியில் ஒரு கனடாக்காரர்கூட இல்லை. அமெரிக்கர்கள் மூன்று பேர் இருந்தார்கள். தனி ஓட்டத்தின் வேகம்தான் எல்லாம் என்றால் இந்தத் தங்கத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

இன்னொரு மனக்குறை. கேமரா எப்போதும் கடைசி ஆளைத்தான் துரத்துகிறது. முதல் ஆள் ஒரு முறை கொடுக்கிறார், கடைசி ஆள் ஒரு முறை வாங்குகிறார். இரண்டாவது, மூன்றாவது ஆட்கள்தான் வாங்கவும் வேண்டும், கொடுக்கவும் வேண்டும். அதிலும் மூன்றாவது ஆள் வளைவில் ஓடுகிறார். பிளேக்கையும் ராட்னியையும் எத்தனை பேருக்கு முகம் தெரியும்? தகுதிச் சுற்றில் மட்டும் ஓடியவருக்கும் பதக்கம் கொடுக்கிறார்கள், அது சரியான ஏற்பாடு. ஒருவர் ஊக்கமருந்தில் சிக்கினால் நால்வரின் பதக்கமும் போவதும் என்னைப் பொறுத்தவரை சரிதான். அணியில் கூட ஓடிய நெஸ்டா கார்ட்டரால் போல்ட் தன் 2008 தொடர் ஓட்டத் தங்கத்தை இழந்தார். வலிக்கிறது, ஆனால் ஓடியது ஓர் அணி.

பாரிஸுக்குப் பிறகு பெட்னரெக்கை இணையத்தில் கிழித்துத் தொங்கவிட்டார்கள். எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. அவரையும் கோல்மேனையும் போதுமான அளவு சேர்த்து ஓடவிடாமல் இறுதிக்கு அனுப்பியவர்களிடம் அல்லவா கேட்டிருக்க வேண்டும்? 2025 டோக்கியோ உலக சாம்பியன்ஷிப் இறுதியில் அமெரிக்கா மறுபடி முதல் இடத்தில் கோல்மேனையும் இரண்டாவது இடத்தில் பெட்னரெக்கையும் இறக்கியது. லிண்ட்சி மூன்றாவது, லைல்ஸ் கடைசி. ஈரமான ஓட்டப்பாதையில் பேட்டன் சுத்தமாகக் கை மாறியது. நேரம் 37.29, தங்கம். கனடா வெள்ளி.