துப்புரவுப் பேட்ச் என்றால் இளக்காரமா?

புதிய வசதி எதையும் சேர்க்காமல் பழைய நிரலைச் சீர்செய்யும் சிறு மாற்றம்தான் துப்புரவுப் பேட்ச். அப்படி ஒன்றைக் கேலி செய்து நேற்று ஒரு பதிவு வந்தது, அதன் கீழே சிரிப்புக் குறிகள் குவிந்தன. லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில், நினைவக மேலாண்மைப் பகுதிக்கு ஓர் இளைஞர் அனுப்பிய நான்கு வரிப் பேட்ச்சை ‘எண்ணிக்கை ஏற்றும் வேலை’ என்று எழுதியது அநியாயம். ஒரு ஃபங்ஷனை, நினைவகப் பக்கங்களைத் தொகுதியாகக் கையாளும் ஃபோலியோ முறைக்கு மாற்றுவதும் வேலைதான்.

ஒவ்வொரு 4 கேபி நினைவகப் பக்கத்துக்கும் அதன் நிலையைக் குறித்துவைக்க 64 பைட்டு அளவில் ஒரு ‘ஸ்ட்ரக்ட் பேஜ்’ இருக்கிறது. பல பக்கங்கள் சேர்ந்த தொகுதியில், கைக்கு வந்தது தலைப் பக்கமா (முதல் பக்கம்) வால் பக்கமா (மற்றவை) என்று திரும்பத் திரும்பச் சோதிக்க வேண்டியிருந்த நிலையை மாற்றத்தான் கெர்னல் நிரலாளர் மேத்யூ வில்காக்ஸின் ஃபோலியோ, 2022 ஜனவரியில் கெர்னலின் 5.16 பதிப்பில் வந்தது. அன்றிலிருந்து அந்த மாற்றம், நீங்கள் ஏளனம் செய்த இதே அளவுப் பேட்ச்சுகள் ஏராளமாகச் சேர்ந்துதான் நடந்துவருகிறது.

இன்னொரு துப்புரவைப் பாருங்கள். கெர்னலுக்குள் சிறு நினைவகத் துண்டுகளைப் பங்கிட்டுத் தர ஸ்லாப், ஸ்லப், ஸ்லோப் என மூன்று அலகேட்டர்கள் இருந்த காலத்தில், ஒரு சிறு மாற்றம்கூட மூன்றுக்கும் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. 2023இல் 6.4 பதிப்பில் ஸ்லோப்பும் 2024இல் 6.8 பதிப்பில் ஸ்லாப்பும் நீக்கப்பட்டன. பயனருக்கு இதனால் புதிய வசதி என்ன கிடைத்தது என்று கேட்பீர்கள். அந்த நிரலை அடுத்து படிக்கப்போகிறவருக்கு எளிமை கிடைத்தது, அது போதாதா?

முன்பு நான் பணியாற்றிய ஒரு நிறுவனத்தில், மாதக்கணக்கில் பழைய டிரைவர் நிரலைப் படித்துச் சீர்செய்த உழைப்பை, ஆண்டு மதிப்பீட்டின்போது மேலாளர் ‘புதிதாக என்ன செய்தீர்கள்?’ என்ற ஒரே கேள்வியில் ஒதுக்கித் தள்ளினார். அந்தக் கேள்வி இன்றும் வலிக்கிறது. நேற்று அதையே பொதுவெளியில், பெயர் சொல்லி, ஓர் இளைஞரிடம் கேட்டிருக்கிறார்கள்.

துப்புரவே புதிய பிழையை நுழைத்துவிடும் என்பார்கள். உண்மைதான், ‘செயல்பாட்டில் மாற்றமில்லை’ என்ற குறிப்போடு வந்த பேட்ச்சும் சில வேளைகளில் எதையாவது உடைத்திருக்கிறது. அதனால்தான் அவை, நினைவகப் பகுதிக்கான மாற்றங்களைத் திரட்டும் ஆண்ட்ரூ மார்ட்டனின் மரத்தில் (நிரல் தொகுப்பில்) சேர்ந்து, அடுத்த பதிப்புக்கான மாற்றங்களை ஒன்றுசேர்த்துப் பார்க்கும் லினக்ஸ்-நெக்ஸ்டில் சோதிக்கப்பட்டு, பிறகு லினக்ஸை உருவாக்கிய லைனஸ் டோர்வால்ட்ஸிடம் போகின்றன. ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியவர் யார் என்று காட்டும் கிட் பிளேமில் பழைய வரலாறு மறைகிறது என்பதை நான் ஒரு வாதமாகவே ஏற்கவில்லை. பராமரிப்பாளர்களின் நேரம் வீணாகிறது என்று கவலைப்படுகிறவர்களுக்கு ஒன்று: அந்தப் பேட்ச்சை ரிவ்யூ செய்து ஏற்றவர்களே அந்தப் பராமரிப்பாளர்கள்தான். அவர்களுக்கு வராத சலிப்பு உங்களுக்கு ஏன் வருகிறது?

நீங்கள் சிரித்த அந்த நான்கு வரிகளை மாற்ற, அந்த ஃபங்ஷனை அழைக்கும் ஒவ்வோர் இடத்தையும் அவர் தேடிப் படித்திருக்க வேண்டும். சிரித்தவர்களில் எத்தனை பேர் அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தீர்கள்? தம்பி, மீதமுள்ள பேட்ச்சுகளையும் அனுப்புங்கள். வரி வரியாகப் படித்துக் கருத்துச் சொல்ல நான் இருக்கிறேன்.