கிணத்துல விஷம் கலந்தாங்கன்னு வர்ற ஃபார்வர்டு பொய்ங்க

1348ல ஐரோப்பாவுல பிளேக் வந்தப்ப யூதர்கள்தான் கிணத்துல விஷம் போட்டாங்க, அதனாலதான் அவங்க மட்டும் சாகலைன்னு ஒரு மெசேஜ் சுத்துது. ரெண்டுமே தப்பு. பிளேக் பாக்டீரியாவால வர்ற நோய், அந்த பாக்டீரியாவை யெர்சின்ங்கிற விஞ்ஞானி 1894ல ஹாங்காங்ல கண்டுபிடிச்சாரு. யூதர்களும் செத்தாங்க, அதை அப்பவே போப் ஆறாம் கிளமென்ட்டே சொல்லி, யூதர்களே இல்லாத ஊர்லயும் நோய் இருக்கேன்னு கேட்டாரு. அந்த மெசேஜ்ல "யூதர்களே ஒத்துக்கிட்டாங்களே"ன்னு ஒரு லைன் வேற, சித்திரவதை பண்ணா யாருதான் ஒத்துக்க மாட்டாங்க? இப்ப பிரான்ஸ்ல இருக்கிற ஸ்ட்ராஸ்பர்க் ஊர்ல 1349 பிப்ரவரி 14, நோய் ஊருக்குள்ள வர்றதுக்கு முன்னாடியே நூத்துக்கணக்கான யூதர்கள எரிச்சுட்டாங்க. பிரிட்டானிகா என்சைக்ளோபீடியாவுல பிளாக் டெத்னு (அந்த பிளேக்கோட இன்னொரு பேரு) தேடிப் பாருங்க, பழி போட்ட கதை அதுலயே இருக்கு. தயவுசெஞ்சு இத இனிமே யாருக்கும் அனுப்பாதீங்க, அனுப்பியிருந்தா டெலிட் பண்ணிடுங்க.