ஹாமில்டன் துப்பாக்கியில் ‘ரகசிய விசை’: உண்மை என்ன?

அமெரிக்காவின் முதல் நிதியமைச்சர் அலெக்சாண்டர் ஹாமில்டன் தன் கடைசிச் சண்டைக்குக் கொண்டுவந்த துப்பாக்கியில் எதிராளிக்குத் தெரியாத ரகசிய விசை இருந்ததாகவும், அது முன்னதாகவே வெடித்துவிட, அந்தச் சூழ்ச்சியே அவர் உயிரைக் குடித்ததாகவும் ஒரு கதை சுற்றுகிறது. பாதி உண்மை, பாதி கற்பனை.

1804 ஜூலை 11 அன்று நியூ ஜெர்சியின் வீஹாக்கனில், அப்போதைய துணை அதிபர் ஆரன் பர்ருடன் நடந்த துவந்த யுத்தத்தில் பயன்பட்டவை லண்டனின் வோக்டன்–பார்ட்டன் பட்டறைத் துப்பாக்கிகள். ஹாமில்டனின் சகலர் ஜான் சர்ச்சுக்குச் சொந்தமானவை. விசையைச் சற்றே முன்னால் தள்ளினால் உள்ளே ஒரு சிறு வில் ஏறி நிற்கும். பிறகு விரல் பட்டாலே வெடிக்கும். இந்த நொய்விசை உண்மைதான். ஆனால் ஜோடியின் இரண்டிலுமே அது உண்டு. அக்கால ஆங்கிலேயத் துவந்தத் துப்பாக்கிகளில் பரவலாக இருந்த ஏற்பாடு அது. எட்டுப்பட்டைக் குழல், பச்சைத் துணி விரித்த மரப்பெட்டி, உள்ளேயே குண்டு வார்க்கும் அச்சு என்பவை போல அதுவும் கைவினைஞரின் பெருமை.

ரகசியம் என்பதும் நிற்காது. நொய்விசையை ஏற்றட்டுமா என்று சண்டையில் ஹாமில்டனுக்குத் துணையாக வந்த பெண்டில்டன் கேட்க, “இம்முறை வேண்டாம்” என்றார் ஹாமில்டன். இது பெண்டில்டனே பதிவு செய்தது. 1976-இல் இத்துப்பாக்கிகளை நகல் செய்வதற்காக ஆராய்ந்தபோது விசை ‘கண்டுபிடிக்கப்பட்டது’. கதை கிளம்பியது அப்போதுதான்.

வேடிக்கை என்னவென்றால், 1930-இல் இந்த ஜோடியை வாங்கியது பர்ர் தொடங்கிய வங்கி.