போனில் கூவும் பறவை

விடியும் முன்பே காட்டுப் பாதையில் போய் நின்றால்தான் ஆறுமணிக்குருவி கிடைக்கும். உதிர்ந்த இலைகளைப் புரட்டிக்கொண்டு புதருக்குள்ளேயே திரியும் பறவை அது. விடியலிலும் அந்தியிலும் அது கொடுக்கும் இரட்டை விசில்தான் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். 40 நிமிடம் அசையாமல் நின்றேன். கொசு கடித்த கையைக்கூடச் சொறியவில்லை. விசில் கேட்டது. மெல்ல பைனாகுலரைத் தூக்கினால், வளைவுக்கு அந்தப் பக்கம் ஒருவர் போனில் பதிவு செய்த குரலை ஓடவிட்டுக்கொண்டிருக்கிறார்!

வயிறு எரிகிறது. தன் எல்லைக்குள் போட்டிக்கு ஒருவன் நுழைந்துவிட்டான் என்று நம்பித்தான் பறவை அந்தச் சத்தத்துக்கு வெளியே வருகிறது. இரை தேடுவதை விட்டுவிடும். கூடு கட்டும் காலமானால் முட்டையையும் விட்டுவிட்டு வரும். வைரி என்ற வேட்டைப் பறவையின் கண்ணில் படும்படி வெட்டவெளியில் வந்து நிற்கும். எல்லாம் ஒரு போட்டோவுக்காக.

அடையாளம் காண்பதும் கெட்டுப்போகிறது. வெப்பமண்டலக் காட்டில் இலை அடர்த்தி அப்படி, பெரும்பாலும் காதை நம்பித்தான் பறவை பார்க்கிறோம். அன்று குரலை வைத்துப் பறவையின் பெயரைச் சொல்லும் என் செயலியும் அந்தப் போன் குரலைக் கேட்டு ஆறுமணிக்குருவி என்றே காட்டியது. குறிப்பேட்டில் நான் எதை எழுதுவது? துடுப்புவால் கரிச்சான்கூட மற்றப் பறவைகளின் குரலில் பேசிக் குழப்பும். சரி, அது அதன் சுபாவம். மனிதர் செய்யலாமா?

அப்புறம் அவரிடமே போய் நிறுத்தச் சொன்னேன். “ஒரே ஒரு தடவைங்க” என்றார். அவருக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர் கேமராவோடு காத்திருந்தார்கள்.