களி சாப்பிட்டால் மாத்திரை வேண்டாமா?

'கேழ்வரகுக் களியும் கூழும் எவ்வளவு சாப்பிட்டாலும் சர்க்கரை ஏறாது, ஒரு மாதத்தில் சர்க்கரை நோய் மாத்திரையையே நிறுத்திவிடலாம்' என்று அண்ணன் ஒருவர் எழுதியிருக்கிறார். நானும் வேலூர்ப் பக்கம்தான், களியும் கீரைக் கடைசலும் இருந்தால் எனக்கு வேறெதுவும் வேண்டாம். ஆனால் இது தவறான தகவல்.

100 கிராம் கேழ்வரகு மாவில் ஏறக்குறைய 70 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. அரிசியில் 78. வித்தியாசம் அவ்வளவுதான். கேழ்வரகில் நார்ச்சத்தும் கால்சியமும் அதிகம் என்பது உண்மை, அதை மறுக்கவில்லை. ஆனால் நைசாக அரைத்து, கூழாகக் கரைத்துக் குடித்தால் சீக்கிரம் செரித்து ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றிவிடும். அதிலும் ஆடி மாதக் கூழைச் சொம்பு சொம்பாகக் குடித்தால் கேட்கவே வேண்டாம். ஒரு சின்ன உருண்டைக் களி, கூடவே நிறையக் கீரை, பயறு என்றால் சரி. அதில் வெல்லம் சேர்த்தால் பாதகமில்லை என்பதும் பொய். வெல்லத்திலும் பெரும்பங்கு சர்க்கரைதான்.

மாத்திரை விஷயம்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. முதல் வகை நீரிழிவுக்காரர், அதாவது உடலில் இன்சுலின் ஏறக்குறைய சுரக்காதவர், இன்சுலினை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. மற்றவர்களும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. இன்னொன்று, இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ எடுப்பவர் திடீரென்று சாப்பாட்டைக் குறைத்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கமே வரலாம்.

சந்தேகமிருந்தால், வீட்டில் குளுக்கோமீட்டர் இருப்பவர்கள் களி சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை அளவைப் பாருங்கள்.