வலையை விட்டவர்களும் வீட்டுக்கு அனுப்பப்பட்டவனும்

ஒரு இளைஞன் நல்ல உத்தியோகத்தை விட்டுவிட்டு இறையியல் கல்லூரிக்குப் போனால், ஆண்டவரின் அழைப்புக்குக் கீழ்ப்படிந்தான் என்று சபையின் முன் நிறுத்தி வாழ்த்துகிறோம். வாழ்த்த வேண்டியதுதான். ஆனால் அதே அழைப்பு மீன் வாடியில் தராசு பிடிப்பவருக்கும், பிரதேச செயலகத்தில் கோப்பு பார்ப்பவருக்கும், மகனுக்குப் பெண் தேடும் பெற்றோருக்கும் அதே கனத்தோடு வந்திருக்கிறது என்று எங்கள் திருகோணமலைச் சபைகளில் அழுத்திச் சொல்வோர் குறைவு. ஊழியத்துக்குப் போகாதவர்களுக்கு ஞாயிறு ஆராதனை, உபவாச ஜெபம், காணிக்கை என்று ஒரு குறைந்த கட்டணத்தை நாங்களே நிர்ணயித்துவிட்டோம் என்பதே என் குறை.

ஊழியத்துக்குப் போவதே அழைப்பு என்பதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது கலிலேயாக் கடற்கரை. இயேசு அழைத்ததும் சீமோனும் அந்திரேயாவும் வலைகளை விட்டார்கள். யாக்கோபும் யோவானும் தகப்பன் செபதேயுவைக் கூலியாட்களோடு படகில் விட்டுவிட்டுப் போனார்கள் என்று மாற்கு முதல் அதிகாரத்தில் எழுதுகிறார். திருக்கடலூரில் வலைக்குச் சொந்தக்காரரான ஒரு கரைவலைச் சம்மாட்டியின் இரண்டு ஆண்பிள்ளைகளும் மீன்படும் காலத்தில் இப்படி எழுந்து போனால் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று எங்களுக்குத் தெரியும். ஆகவே அந்தக் கதையின் விலை எங்களுக்கு நன்றாகவே விளங்கும். ஆயினும் அதே அதிகாரத்தில் சில வசனங்கள் தள்ளிப் பார்த்தால் சீமோன் தன் வீட்டில் நிற்கிறார். காய்ச்சலில் கிடந்த அவருடைய மாமியார் குணமாகி எழுந்து வந்தவர்களுக்குப் பணிவிடை செய்கிறார். லூக்கா 5இல் வரி வசூலிக்கும் ஆயக்காரனான லேவி எல்லாவற்றையும் விட்டு எழுந்தான் என்று ஒரு வசனம் சொல்ல, அடுத்த வசனத்திலேயே அவன் தன் வீட்டில் பெரிய விருந்து வைக்கிறான். எல்லாவற்றையும் விட்டவனிடம் வீடும் கறிச்சட்டியும் மிஞ்சியிருந்தன என்பதை நான் கேலியாகச் சொல்லவில்லை. அந்த வீட்டுக்குப் பணம் வந்த வழியைத்தான் அவன் விட்டான் என்று நான் வாசிக்கிறேன்.

இந்த விஷயத்தில் எனக்கு முக்கியமானவன் மாற்கு 5இல் வரும் மனிதன். கல்லறைகளில் கிடந்து தன்னைக் கற்களால் காயப்படுத்திக்கொண்டவன், புத்தி தெளிந்தபின், தன்னையும் கூட்டிக்கொண்டு போகும்படி படகேறும் இயேசுவை மன்றாடுகிறான். இயேசு சம்மதிக்கவில்லை, உன் வீட்டாரிடம் போய், ஆண்டவர் உனக்குச் செய்ததைச் சொல் என்று அனுப்பிவிடுகிறார். அவனைச் சங்கிலியால் கட்டிப் பார்த்த ஊர்தான் அங்கே காத்திருந்தது. படகில் ஏறிப் போவது அவனுக்கு இலகுவாக இருந்திருக்கும். எங்களில் மிகப் பலருக்குக் கிடைத்திருப்பது இவனுடைய அழைப்பு.

வீட்டுக்குப் போனவன் என்ன செய்ய வேண்டும் என்று யோசிக்க எங்கள் ஊரில் மீன் சந்தையைவிட நல்ல இடம் இல்லை. வெடி வைத்து மீன் பிடிப்பது 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் நீரியல் வளங்கள் சட்டப்படி குற்றம். இருந்தும் திருகோணமலைக் கடலில் அது நின்றபாடில்லை. வெடியில் சாகும் மீனில் ஒரு பகுதிதான் மிதக்கும், மீதி அடியில் கிடந்து அழுகும். குஞ்சுகளும் முருகைக்கற்களும் சேர்ந்தே அழியும். வாங்குகிறவருக்கு இது தெரியாது என்று சொல்லித் தப்ப முடியாது. வெளியே பளபளப்பாக இருக்கும் பாரையைப் பிளந்தால் முள்ளந்தண்டை ஒட்டி இரத்தம் கட்டியிருக்கும், நடுமுள் முறிந்து சதையை விட்டுக் கழன்றிருக்கும், விரலால் அழுத்தினால் சதை குழையும். வெட்டிக் கொடுப்பவருக்கும் வாங்க நிற்கும் அம்மாவுக்கும் அது எப்படிச் செத்த மீன் என்பது அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். விலை கொஞ்சம் குறைவென்றால் இருவரும் வாய் திறப்பதில்லை. இந்த மௌனத்தில் கிறிஸ்தவ வீட்டுக்கும் மற்ற வீட்டுக்கும் நான் வித்தியாசம் காணவில்லை.

தொழிலாளி வேறு என்ன செய்வான் என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான், 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாய்க்கு ஏறியபோது கரையில் இழுத்து வைத்த படகுகளை எல்லோரும் பார்த்தோம். அதனாலேயே, வெடி எறிபவனைவிட அவனுக்கு முற்பணம் கொடுத்து மீனை எடுக்கும் முதலாளியிடமும், அந்த மீனைத் தெரிந்தே சமைக்கும் எங்களிடமும் கேள்வி கடுமையாகக் கேட்கப்பட வேண்டும் என்கிறேன். லூக்கா 3இல் யோவான் ஸ்நானகனிடம் ஆயக்காரரும் போர்ச்சேவகரும் வந்து நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டபோது, அவர் யாரையும் வேலையை விடச் சொல்லவில்லை. கட்டளையிட்டதற்கு மேல் வாங்காதே என்றும், மிரட்டிப் பறிக்காதே, பொய்க் குற்றம் சாட்டாதே, உன் சம்பளம் போதும் என்றிரு என்றும் சொன்னார். கோப்பு நகர்வதற்குக் 'கவனிப்பு' எதிர்பார்க்கும் எந்த மேசைக்கும் இதற்கு மேல் விளக்கவுரை தேவையில்லை.

சீதனத்தை மட்டும் சுற்றிவளைத்துப் பேச நான் விரும்பவில்லை. மூன்று ஞாயிறும் அறிவித்தல் வாசித்து, தேவ சமூகத்தில் மணமக்களை இணைத்து வைக்கிறோம். அதற்கு முன்னே வீடு, காணி, நகை, காசு என்று பேசி முடித்த பேரத்தைப் பற்றி அந்தப் பீடத்தில் ஒரு வார்த்தை வருவதில்லை. பெண் வீட்டார் விரும்பித்தான் கொடுக்கிறார்கள் என்பது வழக்கமான பதில். வட்டிக்கு வாங்கிய காசை யாரும் விரும்பிக் கொடுப்பதில்லை. வேதாகமப் பாடம் நடத்தும் ஒரு தகப்பன் தன் மகனுக்கு ஒன்றும் வேண்டாம் என்று சொல்லி, உறவினரின் இளக்காரத்தைத் தாங்கிக்கொண்டால், அது எங்கள் ஊரில் ஒரு மாதப் பிரசங்கத்துக்கு ஈடாகும்.

பெரிய சாட்சிகளைக் கொண்டாட நாங்கள் தயங்குவதில்லை. 1990 ஓகஸ்ட் 15இல் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் வழியில் காணாமற்போன இயேசு சபைக் குரு யூஜின் ஹெபர்ட் அடிகளாரைச் சபை பேதமின்றி நினைவுகூருகிறோம். அந்த அளவு துணிச்சல் எங்களிடம் கேட்கப்படவில்லை என்று உள்ளூர ஆறுதலும் அடைகிறோம். சிலுவையை 'நாள்தோறும்' எடுத்துக்கொள்ளச் சொல்லும் லூக்கா 9:23 அந்த ஆறுதலுக்கு இடம் வைக்கவில்லை.

மெதடிஸ்த சபையினராகிய நாங்கள் ஆண்டுத் தொடக்கத்தில் உடன்படிக்கை ஆராதனை நடத்துகிறோம். ஜோன் உவெஸ்லி 1755இல் லண்டனில் தொடங்கிய வழக்கம் அது. நான் இனி எனக்குரியவனல்ல, உமக்குச் சித்தமான இடத்தில் என்னை வையும், வேலை தந்தாலும் ஒதுக்கி வைத்தாலும் சரி என்ற பொருளில் எல்லோரும் சேர்ந்து சொல்லிவிட்டு, வெளியே வந்து வாழ்த்துச் சொல்லிக் கலைகிறோம். அந்த ஞாயிறுக்கு முந்திய வாரத்தில் ஒரு மாலை, மீன் வியாபாரிகள், அரச உத்தியோகத்தர், ஆசிரியர், கலியாண வயதுப் பிள்ளைகளின் பெற்றோர் என்று தனித்தனியாக உட்கார்ந்து, லூக்கா 3ஐ வாசித்து, நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று ஒருவரையொருவர் கேட்க வேண்டும் என்று எங்கள் சபைப் பொறுப்பாளர்களுக்கு எழுதிக் கொடுக்கப்போகிறேன். போதகர் பதில் சொல்ல வேண்டியதில்லை; தராசின் தந்திரம் தராசு பிடிப்பவருக்குத்தான் தெரியும். வேறு சபைகளில் இதை ஏற்கெனவே செய்து பார்த்தவர்கள் இருந்தால் எப்படி நடத்தினீர்கள் என்று எனக்கு எழுதுங்கள், குறிப்பாகச் சீதனப் பேச்சு வந்தபோது எத்தனை பேர் எழுந்து போகாமல் இருந்தார்கள் என்பதை.