அந்தப் பட்டியலில் 18 ஆம் இடம்

பேய் வேட்டையாடும் இரண்டு சகோதரங்களின் கதையான ‘சுப்பர்நேச்சுரல்’ என்ற அமெரிக்கத் தொடரின் சிறந்த 20 எபிசோட்கள் என்று நேற்று வந்த பட்டியலை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எங்கட ஆக்கள் பாதிப்பேர் கீழே இதயமும் போட்டிருந்தீர்கள். 327 எபிசோட் ஓடிய தொடர், ஆளுக்கொரு வரிசை இருக்கும். ஆனால் ‘வாட் இஸ் அண்ட் வாட் ஷுட் நெவர் பி’யை 18 ஆவதாகப் போட்டு, பக்கத்தில் “அழுமூஞ்சி எபிசோட், ஓட்டிவிட்டுப் பார்க்கலாம்” என்று எழுதியிருந்ததை என்னால் தாங்க முடியவில்லை.

அது முதலாம் இடத்துக்குரிய எபிசோட். தொடரை உருவாக்கிய எரிக் கிரிப்கியே இயக்கியது, 2007 இல் வந்தது. ஜின் என்ற பூதத்திடம் அகப்பட்ட டீன், அந்தச் சகோதரங்களில் மூத்தவன், ஒரு கனவுக்குள் விழுகிறான். நாலு வயதில் பறிகொடுத்த தாய் அங்கே உயிரோடு இருக்கிறாள், சான்ட்விச் செய்து கொடுக்கிறாள். அவன் வீட்டு முன் புல்லை வெட்டுகிறான். பேய் துரத்தியே வளர்ந்தவனுக்கு ஒரு வீட்டுப் புல் வெட்டக் கிடைத்ததில் அவ்வளவு சந்தோசம்! பிறகுதான் தெரியவருகிறது, அவன் காப்பாற்றிய சனம் முழுக்க அந்தக் கனவு உலகத்தில் செத்துப்போய்விட்டது. தகப்பனின் கல்லறையில் நின்று, எல்லாவற்றையும் நாங்களே ஏன் இழக்க வேணும் என்று கேட்டு அழுகிறான். கடைசியில் தாய் இரு இரு என்று மறிக்க, கத்தியால் தன்னையே குத்திக்கொண்டு கனவை முறிக்கிறான். இதை ஓட்டிவிட்டா பார்க்கச் சொல்கிறீர்கள்?

நான் இதை முதலில் பார்த்தது அம்மாவோடு. அவவுக்கு இங்கிலீஷ் விளங்காது. புல் வெட்டும் இடத்தில், “தாய் வந்திட்டாதானே, பிறகேன் பெடியனின்ர முகம் இப்பிடிக் கிடக்கு?” என்று கேட்டா. 1990 இல் சண்டைக்குள் யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கிலிருந்து வெளிக்கிட்ட குடும்பம் எங்களுடையது. கனகாலம் கழித்து ஆமி காணியைத் திருப்பி விட்டபோது கூரையும் இல்லை, கதவு நிலையும் இல்லை. அம்மா ஒரு சொல்லும் கதைக்காமல் பற்றைக்கு நடுவே முற்றம் இருந்த இடத்தைத் தேடிப் பிடித்து, விளக்குமாற்றை எடுத்துக் கூட்டத் தொடங்கினா. கூட்டிக்கொண்டே சிரித்தா. டீன் புல் வெட்டும்போது சிரிக்கிற சிரிப்பு அதுதான். அதை யாரும் எனக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை.

“அமெரிக்கப் பேய்க்கதைக்கு இவ்வளவு உணர்ச்சியா?” என்று கேட்பீர்கள். ஓம், இவ்வளவுதான். இரண்டு சகோதரங்களும் ஒரு பழைய இம்பாலா காரும் தவிர வீடென்று ஒன்றுமில்லாத கதை அது. என்ர அண்ணா கனடாவில், நான் இங்கே. அவன் ‘ஸ்வான் சோங்’ எபிசோட் பார்த்துவிட்டு நடுச்சாமத்தில் கோல் எடுத்தான். டீனின் தம்பி சாம் சின்னனில் அந்தக் காரின் சாம்பல்தட்டுக்குள் செருகிவிட்ட அந்த விளையாட்டுப் பொம்மைச் சிப்பாயைப் பற்றி மட்டும் கதைத்தான், வேறொன்றும் கதைக்கவில்லை. அவனிடம் போய் அழுமூஞ்சி என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

பகிடி எபிசோட்களை எனக்குப் பிடிக்காது என்றும் சிலர் எழுதுவார்கள். ‘சேஞ்சிங் சனல்ஸ்’, ‘த பிரெஞ்ச் மிஸ்டேக்’ இரண்டும் எனக்கு உயிர். நீங்கள் முதலாவதாகப் போட்ட ‘மிஸ்டரி ஸ்பாட்’டும் அப்படித்தான். டீன் விதவிதமாகச் செத்துச் செத்து அதே செவ்வாய்க்கிழமைக்கு எழும்புவதைப் பார்த்து நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். ஆனால் அது பகிடி எபிசோட் இல்லை. புதன்கிழமை விடிந்து, டீன் உண்மையாகவே செத்து, சாம் மாதக்கணக்கில் தனியே அலைகிறானே, அந்தப் பகுதியையும் ஓட்டிவிட்டீர்களோ?

பிந்திய சீசன்கள் இழுவை என்பதைச் சரி, ஒத்துக்கொள்கிறேன்.

ரசனை தனிப்பட்டது என்றும் ஒருவர் சொல்லியிருக்கிறார். தனிப்பட்டதுதான். பிடிக்கவில்லை என்று எழுதியிருந்தால் பேசாமல் கடந்து போயிருப்பேன். ஆனால் அழுதவர்களைச் சேர்த்து நக்கலடித்திருக்கிறீர்கள். அழுத ஆக்கள் இந்த ஊரில் கனபேர் இருக்கிறோம். ஆருக்கும் சொல்லாமல் அழுதிருக்கிறோம், அவ்வளவுதான்.

என் வரிசையில் அந்தக் கனவு எபிசோட் முதலாவது, ‘ஸ்வான் சோங்’ இரண்டாவது, முழுக்க முழுக்க அந்தக் காருக்குள்ளேயே நடக்கும் ‘பேபி’ மூன்றாவது. ‘பேபி’ ஏன் மூன்றாவது என்று கேட்கிறவர்கள் கீழே வாருங்கள், விடியும்வரை கதைப்போம். 18 என்று மட்டும் சொல்லிக்கொண்டு வராதேங்கோ.